ராம்ப்பில் ஏறும் முதல் வண்டி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மூன்று பேருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. போனில் சொன்னால் என் குரலை வைத்தே பதறிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

கார் ஏற்றிப்போகும் லாரி ஒன்றுக்கு, தரையிலிருந்து கார் ஏற இரும்பு ராம்ப் செய்யும் வேலை நம் பட்டறைக்கு வந்திருப்பதாகச் சொன்னேனே, அதை முழுக்க வரைந்தது உன் தங்கைதான். சாய்வு கொஞ்சம் கூடினாலும் தாழ்வான காருக்கு அடி தட்டும் என்று அழித்து அழித்து வரைந்தாள், அரை மில்லிமீட்டர் பிசகையும் விடாதவள் என்று உன் அப்பா அவளுக்கு அரைமில்லி என்றே பேர் வைத்துவிட்டார். ராம்ப்பின் மேல்முனைக் கொக்கி லாரியின் விளிம்பில் மாட்டும், அது நழுவாமல் இருக்கக் குறுக்கே ஒரு லாக் பின் போக வேண்டும் என்று வரைந்திருந்தாள். இவரோ, கொக்கியே போதும், நான் பார்க்காத ராம்ப்பா என்று அந்தப் பின்னுக்குத் துளையே போடாமல் வெல்டிங்கை முடித்துவிட்டார். அப்பா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் குனிந்து பார்க்கவில்லை. அரைமில்லிக்கு மல்லுக்கு நிற்கிறவள், இதை விட்டுவிட்டாள்.

நம் பட்டறை வழக்கம் உனக்குத் தெரியும், வரைந்தவர்தான் முதல் வண்டியை ஏற்ற வேண்டும். இன்று காலை அவள் நம் பழைய காரை ஏற்றினாள். முன்சக்கரம் லாரித் தளத்தைத் தொட்டுவிட்டது, பின்சக்கரம் ராம்ப்பைப் பின்னால் தள்ள, இடதுபக்கக் கொக்கி விளிம்பின் நுனிக்கே வந்துவிட்டது. இன்னும் ஒரு விரல் நகர்ந்திருந்தால் காரோடு புரண்டிருப்பாள். இவர் போட்ட கத்தலில் பிரேக்கை மிதித்தாள், அடியில் ஜாக்கி கொடுத்து அவளை இறக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

இப்போது துளை போட்டு லாக் பின்னும் மாட்டியாகிவிட்டது. நாளை லாரிக்காரர் வருவதற்குள் மறுபடி ஏற்றிப் பார்த்தாக வேண்டும், யார் ஏற்றுவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. தப்பு என்னோடது, நான்தான் ஏறுவேன் என்கிறார் அவர். வரைஞ்சது நான், நீங்க யாரு ஏற என்கிறாள் அவள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, தண்ணீர்ச் செம்பை நகர்த்தச் சொல்லவும் நான்தான் தூது. இந்த வீம்பில் யார் ஏறினாலும், நான்தானே ஏறுறேன், போனா என்னோட போகட்டும் என்று பின்னைச் சரியாகப் பார்க்காமலே ஏறிவிடுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணா. நீயும் வேலையிடத்தில் யார் செய்ததானாலும் ஒருமுறை உன் கண்ணால் பார்த்துக்கொள், கூச்சப்படாதே.

கார்ச் சாவியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவளே நான்தானே, நாளை நான்தான் ஏற்றப்போகிறேன் என்று சற்று முன்னால் இருவரிடமும் சொல்லிவிட்டேன். குதிப்பார்கள் என்று பார்த்தேன், இரண்டு பேரும் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார்கள். ஜன்னல் வழியாகத் தெரிகிறது, உன் அப்பா ராம்ப்புக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார், உன் தங்கை டார்ச் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை ஆட்டிப் பாருங்கப்பா என்கிறாள்.

நீ எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, யார் மேல் தப்பு என்று மட்டும் கேட்டுவிடாதே.

சாவியோடு காத்திருக்கும்,
உன் அம்மா