இரண்டாவது மாத்திரை

ஸ்ட்ரான்,
மார்ச் 3

அன்புள்ள க்ளெனிஸுக்கு,

நலமா? இங்கே ஓயாத மழை. கொலினுக்கு மூளைக் கட்டியை அறுத்து நான்கு மாதமாகிறது. மனுஷர் நேற்று தானே மீன் சுத்தம் செய்தார்.

நீ நர்ஸாக இருக்கும் அந்த ஆய்வில் பாதிப் பேருக்கு ரத்த அழுத்த மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது என்றார்கள். ஆனால் போன தடவை வராந்தாவில் நீ என் காதைக் கடித்தாய்: "உன் வீட்டுக்காரருக்கு பிரஷர் இறங்கவே இல்லடி. வெறும் மாவுதான் போல." அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. கட்டி வளராமல் தடுக்கும் என்று நம்பித்தானே சேர்த்தோம். அதே மாத்திரையை என் பிரஷருக்கு ஆறு வருஷமாக விழுங்குகிறேன். அதை அவருக்கும் கொடுக்கட்டுமா? திட்டாமல் பதில் எழுது.

உன் மெர்ல்

ஹோபார்ட்,
மார்ச் 9

மெர்ல்,

உன் கடிதம் வரவே இல்லை என்று வைத்துக்கொள். ஆய்வு நர்ஸிடம் கேட்கிற கேள்வியா இது? பிரஷர் இறங்கினால் தலை சுற்றும்; அவர் எழுந்திருக்கும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொள்.

க்ளெனிஸ்

ஸ்ட்ரான்,
மே 20

க்ளெனிஸ்,

படகுத்துறையில் கொலின் மயங்கி விழுந்தபோது கையைப் பிடிக்க நான் பக்கத்தில் இல்லை. இடுப்பு எலும்பு போயிற்று. யாருக்கு எந்த மாத்திரை என்று எழுதி ஒட்டி வைத்திருந்த ரகசிய உறையைப் பிரித்தால், அவருக்கு ஆரம்பத்திலிருந்தே நிஜ மாத்திரைதானாம். நான் தினமும் கொடுத்தது அதற்கு மேல் இரண்டாவது. ஆய்விலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

"யாராவது சொல்லிக் குடுத்தாங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "இல்ல, என் புத்திதான்" என்றேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, தலை நிமிராமல், அதை அப்படியே எழுதிக்கொண்டாய்.

"நல்லதுக்குத்தானே செஞ்ச, விடு" என்கிறார் கொலின். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன் முகத்தைப் பார்க்க விருப்பமே இல்லை.

மெர்ல்

ஹோபார்ட்,
மே 27

அன்புள்ள மெர்லுக்கு,

ஆய்வுப் பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தவறை ஒரே கோட்டால் அடித்து, பழையது தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'மனைவி தானாகவே கொடுத்தார்' என்பதை இன்று காலை அடித்தேன். 'நான் சொன்னதை நம்பிக் கொடுத்தார். எனக்கு மார்ச்சிலேயே தெரியும்' என்று எழுதி டாக்டரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, என்னிடமிருந்த ஆய்வு அறைச் சாவிகளை வாங்கிக்கொண்டார்.

உன்னை மாட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேனே, நினைத்தாலே உடம்பு கூசுகிறது. கொலினுக்கும் எழுத உட்கார்ந்தேன். அவர் பெயருக்கு மேல் பேனா ஓடவில்லை. இதை நீயே அவருக்குப் படித்துக் காட்டு. எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

க்ளெனிஸ்