உமிநீரும் உமித்தண்ணீரும்

அன்புள்ள அக்கா,

இன்று காலை அலமாரியைத் துடைத்தபோது நீங்கள் தந்த, பல் துலக்கும் உமிக்கரி டப்பா கையில் பட்டது. மூடியைத் திறந்தேன். கரியும் உப்பும் நல்லமிளகும் கலந்த அந்த மணம் ஏறியதும் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. நீங்கள் கண்ணை மூடி, வருகிற சித்திரையோடு இரண்டு வருடம்.

என் பேத்தி டாக்டர் படிப்புக்கான எண்ட்ரன்ஸுக்குப் படித்த வருடம் அது. கடைவாய்ப் பல் இரண்டும் சொத்தை. புத்தகப் பைக்குள் புதினா மிட்டாய்த் தாளாகக் கிடந்தது. "தின்னு தின்னே பல்லைக் கெடுத்துட்டியே" என்று ஏசினேன்.

தம்பானூரில் நீங்கள் தூத்துப் பெருக்கப் போகும் பல் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "உமிநீரு தீரே குறவாணல்லோ. டென்ஷன் உண்டோ மோளே?" என்று மலையாளத்தில் கேட்டார். ஏதோ குறைவு என்பது மட்டும் புரிந்தது. துப்பல் என்று சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், அதுவும் ஐந்தாம் வகுப்பு வரை. உமி என்றால் எனக்கு நெல் உமிதான். சாலைக் கடைத்தெருவில் அலைந்து ஒரு பை உமி வாங்கி, ஊறவைத்து, துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

"ஏட்டி, பசு வாங்கப் போறியா?"

"பிள்ளைக்கு உமிநீர் குறவாம்லா அக்கா. குடிக்கக் குடுக்கப் போறேன்."

நீங்கள் சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"உமிநீருன்னா எச்சிலுட்டி! அதுதான் பல்லைக் கழுவிக்கிட்டே கெடக்கும். மனசுல பயம் ஏறினா வாய் வத்தும், வத்தினா பல்லு சொத்தையாவும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க இப்படி எத்தனையோ வருது, நான் பாக்கேன்லா. வாய் காயுதேன்னு இவ மிட்டாயைப் போட்டிருக்கா, அது இன்னும் கெடுத்துட்டு."

"அவளுக்கென்ன பயம்? எங்க டாக்டரு நல்லாத்தானே படிக்கா!"

உங்கள் சிரிப்பு நின்றது. "இந்தா, இதுதான். குழாயடியில டாக்டரு, பால்காரன்ட்ட டாக்டரு. தோத்துட்டா உன் மூஞ்சியில எப்படி முழிப்பா? அவ வாயை வத்த வச்சது நீதான்."

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளிடமே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "ஆச்சி டாக்டரேன்னு விளிச்சாலே என் நாக்கு மேல ஒட்டிக்கும்." அன்றோடு அந்தப் பேச்சை விட்டேன்.

அந்த ஒரு பை உமியையும் நீங்கள்தான் சுட்டுக் கரியாக்கி, டப்பாவில் அடைத்து, "உன் மருந்துட்டி" என்று என் கையில் வைத்தீர்கள். பல் தேயும், போட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் மணத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

எண்ட்ரன்ஸில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அன்று அவள் நேரே என்னிடம்தான் வந்து சொன்னாள், ஒளியவில்லை. அந்தத் தைரியம் நீங்கள் தந்தது அக்கா. இப்போது காலேஜில் கணக்குப் படிக்கிறாள். இன்றைக்கும் பரீட்சைதான். வாசலில் அவள் செருப்பு மாட்டும்போது, "வாய் ஈரமா இருக்கா மக்கா?" என்று கேட்டேன். நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவளைப் பற்றிப் பெருமை பேச இன்னும் தொண்டை வரை வருகிறது. எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிடுகிறேன்.