வெளிக்குழாயை மூடிப் பார்

திண்டுக்கல்
15.7.2006

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் அனிஷாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் கைகால் நடமாட்டத்தோடு நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை ரோஷனும் அந்த ஆஸ்திரேலியாக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை முடிந்ததும் தனியாக வேண்டிக்கொள்கிறேன். நீ வேலை பார்க்கிற ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் இருவரும் சக்கரம் வைத்த கேரவன் வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டு ஷரீஃபாவிடம் தெரியாமல் சொல்லிவிட்டேன், கேரவன்ல சினிமாக்காரங்கதானே இருப்பாங்க, ஒங்க மக நடிக்கப் போயிட்டாளா என்று கேட்டு அவள் தெரு முழுக்கச் சிரிக்க வைத்துவிட்டாள். இங்கே குழாய்த் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது, அதுவும் எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது, எல்லாம் நீ இருந்தபோது இருந்த மாதிரியேதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியபோது நான் முதல் பூசைக்குப் போயிருந்தேன், அப்பாதான் எடுத்திருக்கிறார். மூன்று வருசத்துக்கு முன்னால் நீ வெளிநாட்டு வேலைக்குப் போயே தீருவேன் என்று நின்றபோது, போறதுன்னா போ, இனிமே என்கிட்ட எதையும் கேக்காதே என்று அவர் ஒரு வார்த்தை விட்டார். நீயும் அவர் பெற்ற பிள்ளைதானே, அதை அப்படியே பிடித்துக்கொண்டு இத்தனை நாளும் அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை. போனை எடுத்தால் இந்தா அம்மாகிட்ட தாரேன் என்பார், அவ்வளவுதான் உங்கள் இருவர் பேச்சும். அன்றைக்கு என்னிடம் கொடுக்க நான் இல்லை பார், அதனால்தான் நீ வாய் தவறியாவது கேரவனில் வெந்நீர் வரவில்லை என்று சொல்லியிருக்கிறாய், கேஸ் நன்றாக எரிகிறது, தொட்டி தொட்டால் சுடுகிறது, குழாயில் மட்டும் பச்சைத்தண்ணீர் வருகிறது, என்னப்பா செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். நான் கோயிலிலிருந்து வருகிறேன், மனுசன் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பாப்பாவுக்கு வெந்நீர் வரலையாம், என்கிட்டதான் கேட்டா என்று ரோமாபுரியிலிருந்தே ஓலை வந்த மாதிரி சொல்கிறார். ரெண்டாம் பூசைக்கும் போகவில்லை, அதைப் பாவசங்கீர்த்தனத்தில் அவரே சொல்லிக்கொள்ளட்டும்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். முப்பது வருசம் ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தியவர் இல்லையா, செய்து பார்க்காமல் பதில் சொல்ல மாட்டேன் என்று பேகம்பூர் நூர் அகமதுவின் ரிப்பேர் கடைக்குப் போய், அவர் மூலையில் போட்டிருந்த பழைய கீசர் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கொல்லைச் சுவரில் அதை மாட்டி, மாடித் தொட்டியிலிருந்து பைப் இழுத்து, பக்கெட்டில் வெந்நீர் பிடிக்க ஒரு குழாய் வைத்து, உன் கேரவனுக்கு வெளியே கால் கழுவ ஒரு கைஷவர் இருக்கிறது என்றாயாமே, அதே மாதிரி சூட்டுக்கு ஒரு குழாயும் பச்சைத்தண்ணீருக்கு ஒரு குழாயும் வைத்து, இரண்டும் ஒன்றாய்ச் சேரும் இடத்தில் கைஷவரையும் மாட்டினார். ஷவர் கைப்பிடியில் ஒரு பொத்தான், அதை அமுக்கினால்தான் தண்ணீர் வரும். சாயங்காலம் கரண்ட் போட்டார், கீசர் நன்றாகக் கொதிக்கிறது, பக்கெட்டுக் குழாயைத் திறந்தால் பச்சைத்தண்ணீர்! ஆஹா பாப்பா சொன்ன அதே கம்ப்ளைண்ட் என்று அவருக்குக் கொண்டாட்டம். ஆனால் காரணம் தெரியவில்லை. மறுநாள் கீசரைக் கழற்றி மாட்டினார், அதற்கு மறுநாளும் கழற்றி மாட்டினார், நூர் அகமதுவும் வந்து பார்த்துவிட்டு, சார், இது மெஷின் கோளாறு இல்ல, வேற என்னமோ என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார். அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மூணு வருசம் கழிச்சு ஒண்ணு கேட்டா, அதுக்கும் எனக்குப் பதில் தெரியல என்று தட்டைத் தள்ளி வைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புதன்கிழமை கொல்லையில் துணி அலசப் போனேன், அந்த ஷவர்க் குழாய் இரண்டும் திறந்தே கிடக்கின்றன. யார் திறந்தது என்று கேட்கிறாயா, உன் அம்மாதான், அவர் மாட்டிய அன்றைக்கே. நம் வீட்டில் எந்தக் குழாயைக் கண்டாலும் திறந்து வைத்துவிடுவதுதானே என் வழக்கம், தண்ணீர் வந்தால் வாளியில் விழும் சத்தம் கேட்க வேண்டுமே. இதிலே பொத்தான் அமுக்காமல் சொட்டுத் தண்ணீர் வெளியே வராது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. இரண்டையும் மூடிவிட்டு வந்தேன். செத்த நேரத்தில் ஐயோ என்று சத்தம், அப்பா கையை உதறிக்கொண்டு நிற்கிறார், பக்கெட்டில் ஆவி பறக்கிறது. குழாய் இரண்டும் திறந்து கிடந்தால் பச்சைத்தண்ணீர் உள்ளுக்குள்ளேயே வெந்நீர்ப் பைப்புக்குள் புகுந்து கலந்துவிடுமாம். நான்தான் திறந்து வைத்தேன் என்று பயந்துகொண்டே சொன்னேன், திட்டவே இல்லை. அப்ப அவளும் இதத்தாண்டி பண்ணிருப்பா, ஒன் வளர்ப்புதானே என்று விழுந்து விழுந்து சிரித்தார், அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று தெரியுமா. ஹாஸ்டலில் குழாயைத் திறந்து வைத்து நீ சிஸ்டரிடம் வாங்கிய திட்டு அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது.

அதனால் கண்ணு, வெளிக் கைஷவரில் இருக்கிற இரண்டு குழாயையும் இறுக்க மூடிவிட்டு, செத்த நேரம் கழித்து உள்ளே திறந்து பார். அப்பா மூன்று தாளில் படம் வரைந்து, சிவப்புப் பேனாவில் அம்புக்குறி போட்டு இதோடு வைத்திருக்கிறார், கடைசித் தாளின் அடியில், செய்து பார்த்துவிட்டுத் தெரிவிக்கவும் என்று எழுதி, தெரிவிக்கவும் என்பதற்கு மட்டும் மூன்று கோடு போட்டிருக்கிறார். அவளுக்கு வேலை இருக்கும், போன் பண்ணணும்னு அவசியமில்லன்னு எழுது என்று என்னிடம் சொல்லிவிட்டு, இப்போது அந்தப் போனைத்தான் துண்டால் துடைத்துக்கொண்டிருக்கிறார். வெந்நீர் வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, மாப்பிள்ளைக்கு மிளகு ரசம் வைத்துக் கொடு.

உங்கள் இருவரையும் குழந்தை சேசு கைவிடாமல் காப்பாற்றட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் வேறு யாராவது வந்து அதைச் சரிசெய்துவிட்டால், அப்பாவிடம் சொல்லிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நான் முதல் பூசைக்குப் போகிற நேரம் பார்த்துக் கூப்பிடு, உங்க படத்தப் பாத்துதான் சரியாச்சுப்பா என்று சொல்லு. அப்படியே அந்தக் கேரவனில் வேறு என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று நன்றாகத் தேடிப் பார்த்து, அதையும் அவரிடம் கேள்.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அப்பாவுக்காகவும் சேர்த்து,
அம்மா
செபாஸ்தியம்மாள் ராயப்பராஜ்