டென்ஷன்ல வந்த சுகர்

இன்று காலை ரத்தம் எடுக்க என் முன்னால் நீண்ட கையில் ஜவ்வாது மணந்தது. நிமிர்ந்து பார்க்காமலே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. உன் ஆபரேஷனுக்கான விடுப்புக் கடிதத்தைக் கொடுக்க உன் பள்ளிக்கு வந்த அன்று, அந்த வாசனைக்கு எதிரில்தான் அரை மணி நேரம் நின்றேன். உன் தாளாளர். துடியலூரில் இத்தனை லேப் இருக்க, நான் வேலை பார்க்கும் லேப்புக்கே வந்திருந்தார்.

ஊசி என் கையில் இருந்தது. நரம்பு கிடைக்கவில்லை என்று நாலு இடத்தில் குத்தியிருக்கலாம். ஒரே குத்தில் எடுத்தேன். எனக்கு வேண்டியது அவருடைய சுகர் ரிப்போர்ட்.

கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே நின்றபடி எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. உன்னைப் போய், மூன்று பிள்ளைகள் கணக்கில் பெயில் ஆனதற்கு, எல்லா ஆசிரியர்கள் முன்னாலும் எழுப்பி, "பாடம் நடத்தறீங்களா, தாலாட்டுப் பாடறீங்களா மிஸ்?" என்று கேட்டார் அவர். டீச்சர்கள் உட்காரக் கூடாதென்று வகுப்பறை நாற்காலிகளையே எடுக்கச் சொன்னவர். கர்ப்பப்பையை எடுத்த தையல் ஆறுவதற்குள் உன்னை வரவழைத்து நாள் முழுக்க நிற்கவைத்தார். அந்த வருஷம் நீ சரியாகத் தூங்கியதே இல்லை.

தாகம் தாங்கவில்லை என்று வந்தாய். உன் ரத்தத்தையும் நான்தான் எடுத்தேன். "எங்க ஊட்டுல யாருக்குமே சுகர் இல்ல புள்ள. எனக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டாய்.

டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "டென்ஷன் மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாதுங்க அம்மணி. ஆனா ஆபரேஷன், தூக்கமில்லாதது, ஓயாத மனக்கஷ்டம் எல்லாமே சுகரை ஏத்தும். என்னைக்கோ வர்றதைச் சீக்கிரமே இழுத்துட்டு வந்துரும்."

நீ லீவு கேட்டபோது, "வாயைக் கட்டுங்க, சரியாப்போயிரும்" என்றாராம் தாளாளர். வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். அடுத்த வருஷமே காலில் புண் வந்து, விஷம் ரத்தத்தில் ஏறி, நாற்பத்தொரு வயதில் போய்விட்டாய்.

சாயங்காலம் ரிப்போர்ட் வாங்க வந்தார். சுகர் ஏறியிருந்ததைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"நான் இனிப்பே தொடறதில்லீங்க. எல்லாம் ஸ்கூல் டென்ஷனுங்க."

"டென்ஷன்ல சுகர் வருமுங்களா?"

"வராம என்னங்க? மனுசன் எத்தனையத்தான் தாங்குவான்?"

"அப்ப உங்க மிஸ்ஸுக்கும் வந்திருக்குமில்லீங்க?" என்று கேட்டு, உன் முழுப்பெயரைச் சொன்னேன். பெஞ்சில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "ஓ, அந்த மேத்ஸ் மிஸ்ஸுங்களா! இப்ப எந்த ஸ்கூல்ல இருக்காங்க?"

"செத்துப்போயிட்டாங்க. சுகர்லதான். உங்க ஸ்கூல்ல வாங்கிட்டு வந்த சுகருங்க."

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். கத்தவில்லை. மரியாதைகூடக் குறையவில்லை. ரிப்போர்ட்டை மடிக்காமலே அவர் படியிறங்கிப் போனார். லேப் ஓனர் கூப்பிட்டுத் திட்டினார். திட்டட்டும்.

நீ இருந்திருந்தால், "பாவம், விடு புள்ள" என்றிருப்பாய். உன் குணம் எனக்கு வராது. சுகர் பார்க்க மாதாமாதம் அவர் எங்காவது ரத்தம் கொடுத்துத்தான் ஆகவேண்டும். இந்த லேப்புக்கு இனி வரமாட்டார். எங்கே போனாலும், கையை நீட்டும்போதெல்லாம் உன் பெயர் அவருக்கு ஞாபகம் வரும்.

அது எனக்குப் போதவில்லை.