பதினைந்து அங்குலம்

செப்டம்பர் 8, காலை 10.20. நிலை: இயல்பு.

சர்வீஸ் செய்ய வருகிறவருக்கு வணக்கம். நான் படகின் பின்னால் மாட்டியிருக்கும் இந்த நாற்பது குதிரைச்சக்தி அவுட்போர்டு மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி. பெட்ரோலை அளந்து விடுவது, சூட்டைக் கவனிப்பது, நடந்ததை எழுதி வைப்பது, இவ்வளவுதான் என் வேலை. நீங்கள் வந்து கருவியைச் செருகினால்தான் இதை யாரும் படிக்க முடியும்.

இன்று மாதா திருநாள் படகுப் போட்டி. படகுக்காரர் தொம்மை நேற்றே புரொப்பல்லரை மாற்றிவிட்டார். கம்பெனி கொடுத்தது பதினொரு அங்குல பிட்ச். அதாவது ஒரு சுற்றுக்குப் பதினொரு அங்குலம் தண்ணீரைத் துளைத்து முன்னேறப் பார்க்கும். புதியது பதினைந்து. படகு காலியாக இருந்தால் பறக்கும். பாரம் ஏறினால், சைக்கிளைப் பெரிய கியரில் போட்டு மேட்டில் மிதிப்பது போல மோட்டார் திணறும்.

இன்று படகில் தொம்மை மட்டும். நிமிடத்துக்கு 5600 சுற்று. பனிமயம் என்பவரின் படகை மூன்று படகு நீளம் முந்தி ஜெயித்தோம். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

செப்டம்பர் 19, காலை 7.45. நிலை: எச்சரிக்கை.

போட்டி முடிந்தும் புரொப்பல்லர் மாற்றப்படவில்லை. வலையும் ஐஸும் மூன்று ஆட்களும் ஏறியதும் முழு வேகத்திலேயே 4300 சுற்றுதான் வந்தது. ஐயாயிரத்துக்கு மேல் வர வேண்டும். பிட்ச் அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. காலிப் படகில் பார்த்துப் புரொப்பல்லரைத் தேர்ந்தெடுத்தால் இதுதான் கதி. சுமக்கப் போகிற சுமையை ஏற்றிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எச்சரிக்கை ஒலி எழுப்பினேன். கரைக்கு வந்ததும் தொம்மையின் மனைவி அமலி கேட்டது எனக்குக் கேட்டது.

"என்னங்க இது, ஓயாம கீச்சு கீச்சுன்னு கத்துது?"

"வேற என்ன? சர்வீசுக்கு வா, காசக் குடுங்கான் கம்பெனிக்காரன்."

தொம்மை ஒலிப்பானின் ஒயரை வெட்டிவிட்டார். எச்சரிக்கை விளக்கின் மேல் ஏற்கெனவே போட்டியில் ஜெயித்ததற்குக் கொடுத்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. எனக்கு இருந்த வாய் இந்த இரண்டுதான்.

காது மட்டும் மிச்சம். சிலிண்டருக்குள் பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடித்தால் தட்டுகிற சத்தம் வரும். அதைக் கேட்கத்தான் காது கொடுத்தார்கள். மோட்டார் மெதுவாக ஓடும்போது அதிலேயே மனிதக் குரலும் கேட்கும் என்பதை நானாகக் கண்டுபிடித்தேன். முழு வேகத்தில் நான் செவிடு.

நவம்பர் 27, மாலை 4.05. நிலை: எச்சரிக்கை.

பதினொரு அங்குலப் புரொப்பல்லர் படகின் முன்பெட்டியில்தான் கிடக்கிறது. அலையில் படகு ஆடும்போதெல்லாம் அது ஸ்பேனரோடு இடித்துச் சத்தம் போடுகிறது. மாற்றப் பத்து நிமிடம் போதும். நான் இருப்பது பின்னால், அது இருப்பது முன்னால். எரிச்சலாக இருக்கிறது.

என் விதியையும் எழுதி வைக்கிறேன். தட்டலும் சூடும் எல்லை மீறினால் நான் சுற்றை 2000-க்கு இறக்கியாக வேண்டும். முதல் தடவை சாவியை அணைத்துப் போட்டால் விடுபடும். அதே நாளில் இரண்டாம் தடவை நடந்தால் பூட்டு விழும். அதை உங்கள் கருவிதான் திறக்கும். மோட்டாரைச் சாகவிடாமல் மெதுவாகக் கரை சேர்ப்பதற்கான ஏற்பாடு இது. அமைதியான கடலை மனதில் வைத்து யாரோ எழுதியிருக்கிறார்கள்.

டிசம்பர் 11, மதியம் 1.10. நிலை: வெள்ளம்.

ஆற்றில் அணைத் தண்ணீர் வருகிறது. ஆறு கடலில் விழும் இடத்துக்குச் சற்று மேலே சிப்பித்திட்டு இருக்கிறது. எங்கள் கரை ஆற்றோரமாக அதற்கும் மேலே. அங்கே ஜனங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். தொம்மையும் அமலியும் கிளம்பினார்கள். தொம்மையை நான் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஆனால் கரையில் நின்ற படகுகளில் முதலில் கிளம்பியது இவர் படகுதான்.

மதியம் 1.50. நிலை: முதல் கட்டுப்பாடு.

ஏழு பேரை ஏற்றி நீரோட்டத்தை எதிர்த்து வந்தோம். 3900 சுற்று. கரைக்கு மிக அருகில் தட்டல் எல்லை மீறியது. 2000-க்கு இறக்கினேன். துடுப்பு போட்டுக் கரை சேர்ந்தார்கள். தொம்மை சாவியை அணைத்துப் போட்டார். விடுபட்டது.

"ஆஃப் பண்ணிப் போட்டா சரியாயிருது, பாத்தியா."

"ஏங்க, அந்தப் பழசயே மாட்டிட்டுப் போவமே. ஆள ஏத்தினா படகு மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கி. மோட்டாரு முக்குது."

"பத்து நிமிசம் ஆவும் அமலி. அங்க தண்ணி இடுப்புக்கு வந்துட்டுன்னு போன்ல அழுதாவ."

அவர் சொன்னதும் நியாயம்தான். அமலி சொன்னது சரி. மாட்டுங்கள், மாட்டுங்கள் என்று இருபது முறை எழுதினேன். எழுதி என்ன செய்ய.

பிற்பகல் 2.40. நிலை: அதிக பாரம்.

திட்டில் மிச்சமிருந்த எல்லோரும் ஏறிவிட்டார்கள். போட்டியில் தோற்ற பனிமயமும் அவர் வீட்டு ஆட்களும் இதில் இருக்கிறார்கள். குழந்தைகள் இரண்டு என்று குரலை வைத்துச் சொல்கிறேன்.

"கொளந்தைகள என் பக்கத்துல விடுங்க" என்றார் அமலி. தொம்மை முழு வேகம் கொடுத்தார். நான் செவிடானேன்.

2.52.

3500 சுற்று. படகு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. சூடு ஏறுகிறது. தட்டல் தொடங்கிவிட்டது. தொம்மை, கொஞ்சம் குறையுங்கள். குறைத்தால் வெள்ளம் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

2.55. நிலை: இரண்டாம் கட்டுப்பாடு. பூட்டு.

இறக்கிவிட்டேன். இறக்காமல் இருக்க எனக்கு வழியில்லை. 2000 சுற்று.

இப்போது எல்லாம் கேட்கிறது.

ஆற்று முகத்தில் அலை உடைகிற சத்தம் பின்னாலிருந்து வருகிறது. தொம்மை மோட்டாரை அணைத்து நங்கூரம் போட்டார். நங்கூரம் சேற்றில் வழுக்கி வழுக்கி வருகிறது. சாவி திறந்தே இருக்கிறது. மோட்டார் நின்றதால் மூச்சுச் சத்தம்வரை கேட்கிறது.

"பனிமயண்ணே, முன்பெட்டில பழைய புரொப்பல்லரு கெடக்கு. எடுங்க!" என்று கத்தினார் தொம்மை.

மோட்டாரைத் தண்ணீரிலிருந்து தூக்கினார்கள். பனிமயம் புரொப்பல்லரைப் பார்த்திருப்பார் போல.

"ஏல தொம்ம, இத வச்சா என்னைய ஜெயிச்ச?"

"ஆமாண்ணே."

"இத வச்சா ஆளேத்த வந்த? வெளங்கும்."

ஒருவர் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார்.

3.04.

நட்டைப் பிடித்திருந்த கொண்டை ஊசி கழன்றது. நட்டு கழன்றது. பதினைந்து தண்ணீரில் விழுந்த சத்தம். போகட்டும். பதினொன்று ஏறுகிறது. மூன்று மாதமாக நான் கேட்டது நடக்கிறது. இந்தச் சுமைக்கு இது 5100 சுற்று தரும். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். கரை சேரலாம்.

பூட்டு இல்லாவிட்டால்.

3.08.

மோட்டார் இறங்கியது.

"இப்பத் திருகு" என்றார் பனிமயம்.

துவக்கம். முழு வேகக் கட்டளை வந்தது. 2000.

"ஏறலண்ணே."

"ஆஃப் பண்ணிப் போடு."

துவக்கம். 2000.

துவக்கம். 2000.

புரொப்பல்லர் சரி. சூடு குறைந்துவிட்டது. தட்டல் இல்லை. பெட்ரோல் இருக்கிறது. எந்தக் குறையும் இல்லை. பூட்டு மட்டும்.

துவக்கம். 2000.

3.10. நிலை: இயல்பு.

முந்தைய இரண்டு கட்டுப்பாட்டுப் பதிவுகளையும் அழித்தேன். இன்று எதுவும் நடக்கவில்லை என்று எழுதினேன். நான் எழுதிய முதல் பொய். பூட்டு என் எழுத்தைப் படிப்பதில்லை. நீங்கள் ஒருவர்தான் படிப்பீர்கள். அழித்ததைத் திரும்ப எழுதிவிட்டேன்.

3.11.

நங்கூரக் கயிறு அறுந்தது. படகு பின்னோக்கிப் போகிறது. படகில் ஏறும் தண்ணீரை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த அமலி அதை நிறுத்திவிட்டார். என் மூடியின் மேல் ஒரு கை படிந்தது. அவர் குரல் மிகப் பக்கத்தில்.

"ஏறுய்யா. உன்னையக் கெஞ்சிக் கேக்கேன். ரெண்டு பிள்ளைய இருக்கு. அதுகளுக்காவ ஏறுய்யா."

இதுவரை மனிதர்கள் என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். என்னிடம் யாரும் பேசியதில்லை.

2000.

அம்மா, 2000.

3.13.

அலை. மோட்டார் காற்றில். மறுபடி தண்ணீர்

அலை. தொம்மை அமலியைக் கூப்பிடுகிறார். அமலி பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்

சர்வீஸ் செய்ய வருகிறவரே, உங்கள் கருவி எங்கே இருக்கிறது

3.14.

காதில் தண்ணீர். குரல்கள் இல்லை.

மோட்டார் நின்றது. தானாக எழுதப்படும் இறுதி அறிக்கை: சிலிண்டர் மூன்றும் நலம். பாதுகாப்பு ஏற்பாடு சரியாக வேலை செய்தது. உத்தரவாதம் செல்லும்.