வலது பாதம்

சேசு மரி சூசை துணை

ரெட்டியார்பாளையம், புதுச்சேரி
18 ஆகஸ்ட் 1959

பிரியமுள்ள கணவர் அமலநாதன் அவர்களுக்கு ஞானமேரி எழுதுவது.

நான் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. எழுத மனம் வரவில்லை. குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறான். மாமாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. இரண்டு நாளாக மழை. துணி காயாமல் வீடெல்லாம் ஈர நாற்றம்.

உங்கள் கடிதம் வந்தது. குழந்தை பிறந்த சேதிக்கு முதல் பதில் என்று ஆசையாகப் பிரித்தேன். படித்து முடித்ததும் அருவருப்பாக இருந்தது. பூசி மெழுக எனக்குத் தெரியாது. பாதம் எத்தனை டிகிரி உள்ளே மடிந்திருக்கிறது, கர்ப்பத்தில் நான் எந்தப் பக்கம் படுத்தேன், பனிக்குட நீர் குறைவு என்று யாராவது சொன்னார்களா, பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு என்றெல்லாம் கேட்டு எழுதியது ஒரு தகப்பனா? வயிற்றுக்குள் இடம் நெருக்கினால் கால் இப்படி மடியலாம், கோழிக்கருவிலும் பார்த்திருக்கிறேன் என்று விளக்கம் வேறு. பெயர் லூர்துநாதன் என்று எழுதியிருந்தேன். உங்கள் கடிதத்தில் வலது பாதம், வலது பாதம் என்று வருகிறதே தவிர, அந்தப் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

உங்கள் வேலை எனக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். நீங்களே எழுதிப் புரியவைத்ததுதான். முட்டை ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, உள்ளே கரு தானாக மடிந்து வளரும்போது கண்ணாடி ஊசியால் தடுத்துப் பிடிப்பது. பிறகு அது எப்படிக் கோணிப்போகிறது என்று பார்ப்பது. போன வருடம் டாக்டர் பட்டம் வாங்கியதும் ஒரு மாதம் இங்கே வந்து போனவர், இதற்காக இன்னும் இரண்டு வருடம் பாரீஸில் தங்குவதாகச் சொல்லிவிட்டீர்கள். நான் முழுகாமல் இருக்கும்போது, கழுத்துத் திருகிய குஞ்சின் போட்டோவைப் பெருமையாக அனுப்பினீர்கள்.

மாமா அதற்குக் கண்ணாடி போட்டு, கூடத்தில் இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டினார். வந்தவர்களிடமெல்லாம் "எம்மவன் பாரீசுல செஞ்சது" என்று காட்டினார். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு வாந்தி. இன்றுவரை முட்டையைத் தொடவில்லை. குழந்தை பிறந்த அன்று அதே மாமா படத்தைக் கழற்றி அடுப்பில் போட்டார். நான் அந்தப் படத்தைப் பார்த்ததால்தான் கால் இப்படி ஆனது என்று அத்தை சொல்கிறார்கள். மாட்டியது நானா?

ஞானஸ்நானம் நடந்த விதம் இன்னும் அருவருப்பு. விடியற்காலைப் பூசை முடிந்து கோயில் காலியான பிறகு வைத்தார்கள். இந்தப் புழுக்கத்தில் குழந்தைக்கு இடுப்பு வரை கம்பளிக் காலுறை. ஞானத்தாயாக நின்ற உங்கள் தங்கை ஆனந்தமேரி, வேர்க்கிறதே என்று கழற்றப் போனாள். அத்தை அவள் கையைத் தட்டிவிட்டு, "தொறக்காதடி, நாலு பேரு பாப்பாங்க" என்றார்கள். பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் சர்க்கரை பூசிய பாதாமைக் கடித்துக்கொண்டு, மூக்கு அப்படியே உங்கள் மூக்கு என்றார்கள். இங்கே ஒருவரும் அவனை இடுப்புக்குக் கீழே பார்க்கவில்லை. அங்கே நீங்கள் முழங்காலுக்கு மேலே பார்க்கவில்லை. உங்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயந்திரமே காலுறையைக் குப்பையில் எறிந்தேன். மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு இளசு, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி மாவுக்கட்டுப் போட்டால் நடப்பான், விட்டுவிட்டால் கஷ்டம் என்றார் டாக்டர். பாதத்தை அவர் வெளிப்பக்கம் திருப்பும்போது இன்னொருவர் முழங்காலை அசையாமல் பிடிக்க வேண்டும். இறுக்கினால் அவனுக்கு வலிக்கும், தளர்த்தினால் நழுவும். அத்தை வரமாட்டேன் என்றுவிட்டார்கள். நான்தான் பிடிக்கிறேன். அவன் வீறிட்டு அழும்போது என் கை தளர்ந்துவிடுகிறது. போன வாரம் அதனால் கட்டு கோணிப்போய், பிரித்து மறுபடி போட்டார்கள்.

பாதத்தை வரைந்து அனுப்பமாட்டேன். பார்க்க வேண்டுமானால் கப்பல் ஏறுங்கள்.

உயிருள்ளதை எவ்வளவு அழுத்தலாம் என்று உங்கள் விரலுக்குத் தெரியும், ஊசி பிடிக்கும்போது கை துளியும் நடுங்காது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நடுங்குகிறது. வந்து உங்கள் மகனின் முழங்காலைப் பிடியுங்கள்.

மாதா உங்களுக்குத் துணையிருப்பாளாக. கட்டு மாற்றுவது செவ்வாய்க்கிழமைகளில்.

இப்படிக்கு,
லூர்துநாதனின் தாய்
ஞானமேரி