நீ நிரப்பிவிட்டுப் போன டேங்க்

என் கண்ணான அம்மிணிக்கு,

நீ இருந்தவரைக்கும் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும்? விடிந்தால் ஒரே வேனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் போனோம். இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. வேன் நின்றுபோய், மறுபடியும் ஓடுகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

முதலில் வீட்டுச் சேதி. மகள் காவ்யா சுகம், மாப்பிள்ளையும் சுகம். கடையை நான் இன்னும் மூடவில்லை. கிணத்துக்கடவில் ஆழ்துளைக் கிணற்றுப் போர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்ட என்னை விட்டால் ஆளில்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிகிறேன். கருகிய மோட்டாரைத் தோட்டத்துக்காரர்களே கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். முன்பெல்லாம் அவர்கள் கூப்பிட்டால் நாம்தானே போய் ஏற்றி வருவோம். நீ ஓட்டுவாய், நான் இடது பக்கம்.

பெண்டாட்டி வண்டி ஓட்ட, புருசன் குந்திக்கொண்டு போகிறான் என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒரே ஒரு தடவை நான் ஓட்டிப் பார்த்து, மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் கொண்டுபோய் மோதினேன். அதோடு சாவியை உன் கையில் கொடுத்துவிட்டேன். ஆனால் எனக்கும் அந்த வேனில் ஒரு வேலை இருந்தது. அது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

சாவியை முதல் திருப்புத் திருப்பியதும், பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்பு மெல்லிசாக ஒரு சத்தம் போட்டு அடங்கும். அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்தால் வண்டி ஒரே பிடியில் பிடித்துக்கொள்ளும். உனக்கு அந்தச் சத்தம் கேட்காது. கலியாணத்துக்கு முன்னால் நூல் மில்லில், மெஷின்களுக்கு நடுவே நின்ற காது. அதனால் என் பக்கம் திரும்பி, "சத்தம் வந்துச்சுங்களா மாமா?" என்பாய். "வந்துருச்சு அம்மிணி" என்பேன். அப்புறம்தான் ஸ்டார்ட் செய்வாய். நாம் சண்டை போட்டு, பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த நாளில்கூட இதை மட்டும் கேட்காமல் நீ வண்டியை எடுத்ததில்லை.

நீ போன பிறகு, வேனை விற்றுவிடலாம் என்றாள் காவ்யா. அவள் சொன்னதில் தப்பில்லை. வண்டியும் பழசு, ஓட்டவும் ஆளில்லை. நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவளுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "ஓடுற வரைக்கும் நிக்கட்டுங்கப்பா. ஓடாமப் போச்சுன்னா குடுத்துறலாம்" என்று முடித்தாள். எனக்கு அது போதும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வேனை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். எப்படி என்று கேட்கிறாயா? சிரிக்காதே. இடது சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஸ்டீயரிங்குக்கு அந்தப் பக்கம் கையை வளைத்துச் சாவியைத் திருப்புவேன். உன் சீட் நீ முன்னால் தள்ளி வைத்தபடியே இருக்கிறது. அதில் உட்கார எனக்கு மனசு வரவில்லை. சத்தம் வரும், ஸ்டார்ட் ஆகும். டீ குடித்து முடிக்கும்வரை ஓடவிட்டு அணைப்பேன். அவ்வளவு நேரமும் நாம் எங்கேயோ புறப்பட்டுவிட்டது மாதிரி இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. டேங்கில் இருந்தது நீ போட்ட பெட்ரோல். உடுமலைப்பேட்டையில் உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது, வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஃபுல் பண்ணச் சொன்னாய். முள் பாதிக்கு மேல் காட்டுகிறதே, இப்போது எதற்கு என்று கேட்டேன். "முள்ளு பாதிக்குக் கீழ போனா எனக்கு வவுத்தக் கலக்குதுங்க" என்றாய். எப்போதும் சொல்வதுதான். அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் படுத்தாய், எழுந்திருக்கவில்லை.

முள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் கேனில் வாங்கி வந்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். கஞ்சத்தனம் என்று நினைத்திருப்பார். என்னவென்று அவரிடம் சொல்வேன்? புதுசு கலந்துவிட்டால் உன்னுடையது எது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். நீ கடைசியாகச் சொல்லி நிரப்பியது அது. ஊற்றவும் மனசில்லை, ஸ்டார்ட் செய்யாமல் இருக்கவும் முடியவில்லை. இறங்கும் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

போன வாரம் ஒரு காலை, சாவியைத் திருப்பினேன். சத்தம் வரவில்லை.

மறுபடியும் திருப்பினேன். காதை டேங்க் பக்கம் வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை அம்மிணி. ஆஸ்பத்திரியில் உன் மூக்கில் விரல் வைத்துப் பார்த்த மாதிரி இருந்தது. காவ்யாவிடம் சொல்லவில்லை. ஓடாமல் போனால் கொடுத்துவிடுவது என்பதுதானே பேச்சு? மெக்கானிக் பிரகாஷுக்குத்தான் போன் போட்டேன். உன்னிடம் திட்டு வாங்கியே தொழில் கற்றுக்கொண்டவன், அவனேதான்.

வந்தவன் பேட்டரி என்றான். மாற்றிப் பார்த்தான், இல்லை. பம்புக்குக் கரண்ட் விடும் ரிலே என்றான், அதுவும் இல்லை. கடைசியில் டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, பம்பு போய்விட்டது என்றான். டேங்கைக் கீழே இறக்குவது பெரிய வேலை, வேனுக்குள் தரைத் தகரத்தில் ஒரு ஓட்டை வெட்டிப் பம்பை மேல்வழியாகவே எடுத்துவிடலாமா என்றும் கேட்டான். பெட்ரோல் டேங்குக்கு மேல் தீப்பொறி பறக்க வெட்டுவதா? நீ இருந்திருந்தால் அவன் தோலை அங்கேயே உரித்திருப்பாய். உன் பங்குக்கு நானே நாலு வார்த்தை சொன்னேன். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, வெட்டவெளியில் தள்ளி நிறுத்தி, முறையாகவே இறக்கினோம்.

முதலில் டேங்கில் இருந்ததைக் கேனில் வடித்தோம். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. மஞ்சள் ஏறி, வாசனையே மாறிப்போயிருந்தது. இதைத் திரும்ப ஊற்றக் கூடாது, ஊற்றினால் புதுப் பம்பும் அடைத்துக்கொள்ளும் என்றான் பிரகாஷ். நான் கேனை எடுத்து என் கால் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அவன் புதுப் பம்பு வாங்கக் கோயமுத்தூர் போயிருந்தபோது, பழசைக் கடை மேசையில் வைத்துப் பிரித்தேன். கை சும்மா இருக்காதே. அதற்குள்ளே இருப்பதும் ஒரு மோட்டார்தான். திறந்ததும் கருகிய வாடை. உள்ளே எல்லாம் கன்னங்கரேலென்று சூடு குடித்திருந்தது. நான் கடையில் தினமும் பார்க்கிற கருகல் அது.

வாழ்நாளெல்லாம் தோட்டத்துக்காரர்களிடம் நான் எதைச் சொல்லித் திட்டினேன்? தண்ணிக்குள்ள கெடக்கிற மோட்டாருக்குத் தண்ணிதானுங்க குளிர்ச்சி, தண்ணி வத்துனது தெரிஞ்சும் ஓட்டுனா நீங்களே அதைக் கொன்னுபோடுறீங்க என்று. நீ பக்கத்தில் நின்று, போதும் விடுங்க என்று என் சட்டையை இழுப்பாய். டேங்குக்குள் கிடக்கிற பம்பும் அதே சாதிதான், பெட்ரோல்தான் அதற்குத் தண்ணீர் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? முள் பாதிக்குக் கீழே போனால் வயிற்றைக் கலக்குகிறது என்று காயில் கட்டத் தெரியாத நீ சொன்னாய். போர் மோட்டார்க்காரன் நான் அதை வற்ற வற்ற ஓட்டினேன். ஊருக்குத்தான் உபதேசம்.

அந்த மேசை முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். நீ போன அன்றைக்கு ஆட்கள் சூழ்ந்து நின்றதால் சரியாக அழவில்லை. உன்னை வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அந்தப் பெட்ரோலைக் காப்பாற்றினேன். அதனாலேயே உன் வண்டியைக் கெடுத்துவிட்டேன்.

பிரகாஷ் திரும்பி வந்ததும் கேனை அவனிடம் கொடுக்கவில்லை. டேங்குக்குள் அடியில் வண்டல் படிந்திருந்தது, கழுவ வேண்டும் என்றான். நானே கழுவுகிறேன் என்றேன். நீ போட்ட பெட்ரோலைக் கொஞ்சம் ஊற்றி, டேங்கை இப்படியும் அப்படியும் சாய்த்து அலசினேன். பம்பு உட்காரும் வளையம், குழாய், நட்டு எல்லாவற்றையும் அதிலேயே துடைத்தேன். அழுக்கோடு வந்ததை அவன் ஓரமாக எடுத்து வைத்தான். என் கையில் ஒட்டியிருந்தது வெயிலில் அப்படியே காய்ந்துபோனது. கை குளிர்ந்து கிடந்தது.

புதுப் பம்பை வைத்து, டேங்கை ஏற்றி, பெட்ரோல் வாங்கி வந்து நிரப்பினோம். ஏறி ஸ்டார்ட் பண்ணச் சொன்னான் பிரகாஷ். நான் இடது பக்கம் போய் ஏறினேன். கையை வளைத்துச் சாவியைத் திருப்பினேன்.

வந்தது அம்மிணி. மெல்லிசாக, முன்னைவிடத் தெளிவாக.

"வந்துருச்சு அம்மிணி" என்றேன், வாய்விட்டு. பிரகாஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனர்களைப் பொறுக்க ஆரம்பித்தான். நான் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். எதற்கு என்று உனக்குத் தெரியும். அப்புறம் நானே ஸ்டார்ட் செய்தேன்.

சாயங்காலம் காவ்யாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பெட்ரோல் ஊற்றாமல் இருந்ததற்குக் காரணத்தையும் சேர்த்து. "ஞாயித்துக்கெழமை வாரேங்கப்பா. நான் ஓட்டறேன், உடுமலைப்பேட்டை மாமா ஊட்டுக்குப் போலாம்" என்றாள். விற்பது பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஆகையால் அம்மிணி, உன் சீட்டை அவள் பின்னால் தள்ளுவாள். உன்னைவிட உயரமாயிற்றே. தள்ளட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். முள்ளைப் பாதிக்குக் கீழே இறங்க இனி விடமாட்டேன். இடது சீட்டை மட்டும் யாருக்கும் தரமாட்டேன். அவள் சாவியைத் திருப்பியதும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, சத்தம் வந்த பிறகு வந்துவிட்டது என்று சொல்வேன். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் சொல்வேன்.

இப்படிக்கு,
இடது சீட்டில் இருந்து,
உன் மாமன்